நீலப்பறவையும் இளைஞர் தொண்டும்

வட அமெரிக்காவில் வாழும் நீலப்பறவை சிட்டுக்குருவியினுஞ் சிறிது பெரியது. இதன் மூவினங்களுள் ஒன்றேனும் மரத்தைக் குடைந்து பொந்து அமைக்கும் ஆற்றல் உடையதன்று. மரங்கொத்தி கைவிட்ட பொந்துகளிலும் உழுத்த மரத்தின் துளைகளிலுமே இவை முட்டையிடும். பட்டமரங்கள் வெட்டப்பட்டமையாலும், மரவேலிக் கம்பங்களின் இடத்தை இரும்புக் கம்பங்கள் பெற்றமையாலும் அத்தகைய பொந்துகள் அருகின. எஞ்சியவற்றை ஐரோப்பாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இரு பறவைகள் கவர்ந்தன. ஒன்று, 1890 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் விடப்பட்ட, மைனாவின் உறவாகிய ஸ்ரார்லிங். மற்றையது, நம் இல்லங்களில் அடைக்கலம் பெற்று வாழும் அதே சிட்டுக்குருவி. இங்கே நாம் விருந்தாகப் போற்றும் இக்குருவி, அங்கே நீலப்பறவையின் முட்டைகளை உடைத்துத் தாயையுங் கொத்திக் கொல்கின்றது.

இதற்குப் பரிகாரமாக 1934 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்து மசில்மன் என்பார் கிராமத்து வீதியோரங்களில் கூட்டுப்பெட்டிகளை நிரையாக அமைத்தார். 1959 இல் கனடாவின் மனிற்றோபா மாகாணத்துப் பிராண்டன் நகரிலே, யோன் லேன் என்பாரின் வழிகாட்டலில், இளம் பறவை ஆர்வலர் இப்பணியை மேற்கொண்டனர். சிறுவர் தங் கைகளாற் பெட்டி செய்து வேலிக் கம்பங்களிற் பொருத்தினர்.

பெட்டியின் அமைப்பு எளிது. கிழக்கு நீலப்பறவைக்கு வாயிலின் விட்டம் 1½ அங்குலம். அதனுள் ஸ்ரார்லிங் நுழைதல் இயலாது. ஆயினுஞ் சிட்டுக்குருவி நுழைந்துவிடும். ஆதலின் வாரந்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்து, குருவியின் கூட்டை அகற்றுதல் வேண்டும். குஞ்சுகள் பன்னிரண்டு நாளைக் கடந்தபின் திறத்தலோ ஆகாது. அவை பறக்கும் பருவம் எய்துமுன் வெளியே பாய்ந்து மடியக்கூடும். இவற்றையெல்லாம் ஏட்டிற் குறித்து ஒழுகும் இளைஞரே உண்மைத் தொண்டராவர். கவனிப்பாரற்ற பெட்டி சிட்டுக்குருவியைப் பெருக்கி, காக்க எண்ணிய பறவைக்கே கேடாய் முடியும்.

1978 இல் லோறன்ஸ் செலெனி என்பார் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கத்தை நிறுவியபின் இப்பணி மேலும் பரவிற்று. கிழக்கு நீலப்பறவை மீண்டும் பெருகியுள்ளது.

விழா நாளில் மரம் நடுவோர் பலர்; அடுத்த கோடையில் அதற்கு நீர் வார்ப்போர் சிலர். நம் மாணாக்கர் எப்பணியை மேற்கொள்ளினும், வாரந்தோறும் பெட்டியைச் சென்று பார்த்த அச்சிறுவரை நினைவிற் கொள்வாராக.