மலைச் சாலையில் மிதிவண்டி: ஆகும்பே வழியின் விஞ்ஞானம்

சமவெளியில் நாள்தோறும் மிதிவண்டி ஓட்டிப் பழகிய ஒருவர், முதன்முறையாக ஒரு மலைச் சாலையில் ஏற முற்படும்போது பெரிதும் வியப்படைகிறார். ஐந்து கிலோமீட்டர் தூரத்தைக் கால் மணி நேரத்தில் எளிதாகக் கடக்கும் அவருக்கு, மலையடியில் அதே தூரம் ஒரு மணி நேர உழைப்பாகி விடுகிறது. திரும்பி இறங்கும்போதோ கால்களுக்கு வேலையே இல்லை. ஆனால் அபாயம் முழுவதும் அங்கேதான் காத்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. அதனைத் தெரிந்துகொள்வதற்குக் கர்நாடக மாநிலத்தின் ஆகும்பே மலைப்பாதை மிகப் பொருத்தமானதோர் உதாரணமாகும்.

அரபிக் கடற்கரையை அடுத்த உடுப்பியிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, ஹெப்ரியைக் கடந்து, சோமேசுவரம் என்னும் சிற்றூரில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைகிறது. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளின் வழியாக அது ஆகும்பே கிராமத்திற்கு ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆகும்பேயின் உயரம் சுமார் 650 மீட்டர். அதற்கு அப்பால் சாலை பெரிய ஏற்றமின்றி, காடுகளும் பாக்குத் தோட்டங்களும் நெல்வயல்களும் மாறிமாறி வரும் மலைநாட்டின் ஊடே வளைந்து வளைந்து, துங்கை நதிக்கரையிலுள்ள தீர்த்தஹள்ளியை அடைகிறது.

சாலை ஏன் வளைகிறது?

மலைச் சரிவு பல இடங்களில் மிகவும் செங்குத்தானது. அதன்மீது நேராகச் சாலை அமைத்தால் எந்த வண்டியும் ஏற இயலாது. ஆகவே பொறியியலாளர்கள் சாலையின் நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கின்றனர். மலைப் பிரதேசங்களில் சாலையின் ஏற்றம் பொதுவாக 100 மீட்டர் தூரத்திற்கு 5 அல்லது 6 மீட்டருக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்பது, 1934-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியச் சாலைப் பேரவையின் விதி. 500 மீட்டர் உயரத்தை நூற்றுக்கு 6 என்ற ஏற்றத்தில் கடக்க வேண்டுமானால், 8 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள சாலை தேவை. அவ்வளவு நீளத்தை ஒரே மலைமுகத்தில் அடக்குவதற்காகவே சாலை முன்னும் பின்னுமாக மடிக்கப்படுகிறது.

வளைவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடக் குறுகியது. ஆனால் இரண்டும் ஏறும் உயரம் ஒன்றே. எனவே உட்புறத்தில் சரிவு அதிகமாகிறது. இடப்புறமாகவே செல்ல வேண்டிய நம் நாட்டில், மேலே ஏறும் மிதிவண்டிக்காரர் இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் இச்செங்குத்தான உட்புறத்தைச் சந்திக்கிறார். வளைவிற்குள் நுழைந்தபின் பல்சக்கரத்தை மாற்ற முயல்வது வீண். நுழையுமுன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தின் கணக்கு

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை என்றும், ஏறும் உயரம் 500 மீட்டர் என்றும் கொள்வோம். பூமியின் ஈர்ப்பை எதிர்த்து இவ்வெடையை உயர்த்தத் தேவையான சக்தி ஏறத்தாழ 3,92,000 ஜூல் ஆகும். பயிற்சியுள்ள சாதாரண மனிதர் ஒருவர் நெடுநேரம் களைப்பின்றி 100 வாட் அளவில், அதாவது ஒரு மின்விளக்கை எரிக்கப் போதுமான அளவில், உழைக்கக் கூடும். அவ்வாறாயின் ஈர்ப்பை வெல்ல மட்டும் அவருக்கு 65 நிமிடங்கள் பிடிக்கும். நல்ல தார்ச் சாலையில் சக்கரங்களின் உராய்வு மிகக் குறைவு. நூற்றுக்கு 6 ஏற்றத்தில் ஈர்ப்பின் இழுவை அதனைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. சமவெளியில் நம்மைத் தடுக்கும் முக்கிய எதிரி காற்று; மலையிலோ நம் எடையே எதிரி. தேவையற்ற சுமையைக் கீழே விட்டுச் செல்ல வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

உண்ணும் உணவில் அடங்கிய சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே தசைகள் வேலையாக மாற்றுகின்றன. எனவே இவ்வேற்றத்திற்குச் சுமார் 375 கலோரி உணவு செலவாகும். இது 100 கிராம் அரிசிக்குச் சற்று மிகுதி. எஞ்சிய முக்கால் பங்கு உஷ்ணமாக உடலில் தங்குகிறது. அதனை வியர்வை ஆவியாவதன் மூலமே போக்க வேண்டுமானால், அரை லிட்டர் நீர் தேவை. மேலைக்கடற்கரையின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை, வழிந்து வீணாகிறது. ஆதலால் அடிவாரத்திலேயே நீர் அருந்தி, விடியற்காலையில் ஏறத் தொடங்குவது அறிவுடைமையாகும்.

பல்சக்கரங்களின் உதவி

நம் கிராமங்களில் பால்காரரும் தபால்காரரும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த கனத்த மிதிவண்டிக்கு ஒரே வேகமே உண்டு. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பெற்றது போன்ற தொழிற்சாலைகள் இவ்வகை வண்டிகளை நாடெங்கும் பரப்பின. முன் சக்கரத்தில் 44 பற்களும், பின் சக்கரத்தில் 18 பற்களும் கொண்ட வண்டியில் மிதியை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 5.4 மீட்டர் தூரம் செல்லலாம். சமவெளிக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் நூற்றுக்கு 6 ஏற்றத்தில், 100 வாட் அளவில் உழைப்பவர் இவ்வண்டியின் மிதியை நிமிடத்திற்கு 24 சுற்றுகூடச் சுற்ற இயலாது. ஒவ்வொரு சுற்றிலும் மிதியின்மீது சராசரியாக 24 கிலோகிராம் எடைக்கு ஈடான அழுத்தம் தேவைப்படும். முழங்கால் வலி இதன் பயனே.

முன்னும் பின்னும் சமமான பற்களைக் கொண்ட பல்சக்கரங்களை இணைத்தால், ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் தூரமே கிடைக்கும். ஆனால் அழுத்தம் 10 கிலோகிராம் அளவிற்குக் குறைந்து, கால்கள் நிமிடத்திற்கு 57 முறை இலகுவாகச் சுழலும். மொத்த வேலை ஒரு துளியும் குறையவில்லை என்பதை மறத்தலாகாது. பெரிய சுமையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துத் தூக்குவது போன்றதே இது. பல்சக்கரங்கள் மனிதனுக்குப் புதிய பலத்தைத் தருவதில்லை. இருக்கும் பலத்தைத் தக்க அளவில் செலவிட வழி செய்கின்றன.

இறக்கத்தின் அபாயம்

ஏறும்போது சேமிக்கப்பட்ட 3,92,000 ஜூல் சக்தியும் இறங்கும்போது எங்கேனும் வெளிப்பட்டே தீர வேண்டும். அது காற்றைக் கிழிப்பதில் ஒரு பகுதியும், தடைகளில் உஷ்ணமாக மறு பகுதியும் செலவாகிறது. இச்சக்தி எவ்வளவு என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம்: ஒரு லிட்டர் தண்ணீரை அறையின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதுமானது. மெதுவாக இறங்கும் வண்டியில் இதன் பெரும்பகுதியைச் சக்கர விளிம்பும் சிறு ரப்பர்க் கட்டைகளும் தாங்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த கட்டைகளுடன் மலையிறங்குவது எத்தகைய துணிச்சல் என்பதை இதிலிருந்து அறியலாம்.

அன்றியும், தடை பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திற்கும் 40 கிலோமீட்டர் வேகத்திற்கும் வேறுபாடு இரு மடங்கே. நிற்கும் தூரமோ நான்கு மடங்கு. நனைந்த உருக்கு விளிம்பின்மீது ரப்பர் பற்றுவது மிகக் குறைவாதலால், மழையில் அத்தூரம் மேலும் பன்மடங்காகும். ஆகவே வளைவிற்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே, முன் பின் தடைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவின் நடுவில் திடீரெனப் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

மழையும் காடும்

ஆகும்பேயின் ஆண்டு மழை 7,000 மில்லிமீட்டர் அளவினது. ‘தென்னகத்துச் சிரபுஞ்சி’ என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது இதனாலேயே. அரபிக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலைச் சுவரில் மோதி மேலெழுகிறது. எழும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க இயலாமையால் அது மழையாகப் பொழிகிறது. மிதிவண்டிக்காரர் வியர்வை சிந்தி ஏறும் அதே சரிவைக் காற்றும் ஏறுகிறது எனலாம். மலையுச்சியின் மேற்கே விழும் நீர் சீதா நதி வழியாக அரபிக் கடலை அடைகிறது. கிழக்கே விழும் நீர் துங்கபத்திரை, கிருஷ்ணை வழியாக வங்கக் கடலுக்குச் செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கு மண்சரிவும் மூடுபனியும் சகஜம். நிழல் மிகுந்த சாலையோரங்களில் பாசி படர்ந்திருக்கும். எனவே பயணத்திற்கு உகந்தவை மழை ஓய்ந்த மாதங்களே.

இம்மழையால் வளர்ந்த பசுமை மாறாக் காடு கருநாகத்திற்கும் சிங்கவால் குரங்கிற்கும் உறைவிடம். சோமேசுவர வனவிலங்குச் சரணாலயம் 1974-இல் ஏற்பட்டது. ஆகும்பேயில் மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2005 முதல் இயங்கி வருகிறது. மிதிவண்டி புகையும் இரைச்சலும் அற்றது. ஆயினும் அதன் ஓசையின்மையே சில வேளைகளில் தீமையாகிறது. சத்தம் கேட்டு விலக வேண்டிய காட்டெருது, வண்டி அருகில் வந்த பின்னரே திடுக்கிடும். வளைவுகளில் மணி அடிப்பது எதிரே வருவோருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் எச்சரிக்கையாகும். குரங்குகளுக்குத் தின்பண்டம் அளிப்பது அவற்றைச் சாலைக்கு ஈர்த்துச் சக்கரங்களுக்குப் பலியாக்குவதேயாகும். அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

கிராமங்களின் வாழ்வு

காட்டைத் தாண்டியதும் மலைநாட்டு வீடுகள் தனித்தனியே தோன்றுகின்றன. பள்ளத்தாக்குகளில் பாக்கு மரங்கள், அவற்றை அடுத்து, தோட்டத்திற்கு இலையுரம் அளிக்கும் ‘சொப்பினபெட்டா’ என்னும் காட்டுப் பகுதி. மழைக்கு முன்பாக விவசாயிகள் மரமேறி, காய்களை அழுகல் நோயினின்றும் காக்கப் போர்டோ கலவையைத் தெளிக்கின்றனர். மழை நின்றபின் பறிக்கப்படும் பாக்கு முற்றங்களில் உலர்த்தப்படுகிறது. வீடுகள் இவ்வாறு சிதறிக் கிடப்பதால், பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வோருக்குத் தொலைவு ஒரு பெருங்குறை. பயணிக்கு இன்பம் தரும் மேடுபள்ளமான சாலை, புத்தகச் சுமையுடன் ஒரே வேக வண்டியை உந்திச் செல்லும் மாணவிக்கு அன்றாடக் கஷ்டம். மலைக் கிராமங்களுக்கு வழங்கப்பெறும் மிதிவண்டிகள் சமவெளி வண்டிகளின் நகலாக இல்லாமல், குறைந்த பல்லிணையும் நம்பத்தகுந்த தடைகளும் கொண்டிருக்க வேண்டியதன் அவசியம் இங்கு தெளிவாகும்.

மலைச் சாலை மனிதரிடம் கேட்பது பெரும் பலத்தையன்று; நிதானத்தையே. புறப்படுமுன் தடைக்கட்டைகளையும் கம்பிகளையும் சோதித்து, தக்க பல்லிணையில் ஏறி, வேகத்தை அடக்கி இறங்குபவர் எவரும் இவ்வழியை இனிதே கடக்கலாம். ஏறும்போது செலவிட்ட ஒவ்வொரு ஜூலும் இறக்கத்தில் திரும்பி வரும் என்பதை நினைவில் வைத்திருப்பதே மலைப் பயணத்தின் முதற் பாடம்.