ஹெலிகேம்: அன்று தடை, இன்று எண்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் ஹெலிகேம் ஒரு அதிசயம். மாப்பிள்ளை அழைப்புக்கு மேலே நான்கு விசிறிகளோடு ஒரு சின்ன இயந்திரம் ரீங்காரமிட்டு வந்தால், நாதஸ்வரக்காரர் உட்பட எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஸ்டுடியோக்காரர்கள் விலைப்பட்டியலில் அதற்கென்று தனி வரி சேர்த்தார்கள். அதைப் பறக்கவிட அனுமதி உண்டா என்று பெண் வீட்டாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்குக் காகிதம் எதுவும் இருந்திருக்காது.

இன்று அதே டிரோனுக்குப் பதிவு எண் வேண்டும், இயக்குபவருக்குச் சான்று வேண்டும், பறக்கும் இடத்தை வரைபடத்தில் பார்க்க வேண்டும். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே சட்டம் பலமுறை உருமாறியது. அந்த மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: விதி மிகக் கடுமையாக இருந்த காலத்தில் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. கடைப்பிடிக்கக்கூடியதாக மாறிய பிறகே மக்கள் அதை நோக்கி வரத் தொடங்கினார்கள்.

தடை இருந்தது, டிரோனும் பறந்தது

2014 மே மாதம் மும்பையில் ஒரு பீட்சா கடை டிரோனில் பீட்சா அனுப்பிக் காட்டியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. விதிமுறைகள் வரும்வரை அரசு சாராத எந்த நிறுவனமும், எந்தத் தனிநபரும், எந்த நோக்கத்துக்காகவும் ஆளில்லா வான்கலத்தைப் பறக்கவிடக் கூடாது என்றது அது. அனுமதி வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சகம், உள்துறை அமைச்சகம், வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு முகமைகள் என்று எல்லாக் கதவையும் தட்ட வேண்டும்.

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் ஒரு முகூர்த்தத்துக்காக உள்துறை அமைச்சகத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பாரா? மாட்டார். டிரோன் வாங்குவதை அந்த அறிவிப்பு நிறுத்தவில்லை, பறக்கவிடுவதையும் நிறுத்தவில்லை. நாட்டில் எத்தனை டிரோன்கள் இருக்கின்றன, யாரிடம் இருக்கின்றன என்று அரசு அறிய வழியில்லாமல் போனதுதான் மிச்சம். கல்யாணக் கூட்டத்தின் தலையில் ஒன்று விழுந்தால், அது யாருடையது என்று சொல்ல அதில் ஓர் எண்ணும் இருக்காது.

கதவு திறந்தது, கட்டணம் மறித்தது

முதல் விதிமுறைகள் 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எடையை வைத்து ஐந்து வகை பிரித்தார்கள்: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். 'டிஜிட்டல் ஸ்கை' என்ற இணையத்தளம் வந்தது. அனுமதி கிடைக்காவிட்டால் டிரோனின் விசிறியே சுழலாதபடி மென்பொருளில் பூட்டு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது.

ஏட்டில் எல்லாம் சரி. ஆனால் பதிவு எண்ணுக்கு 1,000 ரூபாய், இயக்குவதற்கான அனுமதிக்கு 25,000 ரூபாய். அதோடு பாதுகாப்புச் சரிபார்ப்பு. அந்த மென்பொருள் பூட்டோ கடையில் விற்ற டிரோன்களில் இல்லை. விதியை மதிக்க நினைத்தவருக்கும் மதிக்கும் வழி கிடைக்கவில்லை.

2020 ஜனவரியில் அரசே இறங்கி வந்தது. டிரோன் வைத்திருப்பவர்கள் அந்த மாத இறுதிக்குள் தாங்களாக முன்வந்து விவரம் சொன்னால் ஒப்புகை எண் தருவதாக அறிவித்தது. யாரிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கைத் தொடங்கவே அவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. தடை சாதித்தது என்ன என்பதற்கு அந்த அறிவிப்பே சாட்சி.

2021: அச்சத்துக்குப் பிறகு வந்த தளர்வு

2021 மார்ச்சில் இன்னொரு விதித்தொகுப்பு வந்தது. அதில் 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள். ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது டிரோன்கள் மூலம் குண்டு வீசப்பட்டது. இனி டிரோனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச வழியும் அடைபடும் என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

நடந்தது நேர்மாறு. ஜூலையில் புதிய வரைவு வெளியானது. ஆகஸ்டில் 'டிரோன் விதிகள், 2021' நடைமுறைக்கு வந்தன. 25 படிவங்கள் ஐந்தாகவும், 72 வகைக் கட்டணங்கள் நான்காகவும் குறைந்தன. 25,000 ரூபாய் அனுமதி என்பதே ஒழிந்தது. பதிவு எண்ணுக்குக் கட்டணம் 100 ரூபாய். விதிமீறலுக்கான அபராதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

இதை நான் சரியான முடிவு என்றே சொல்வேன். குண்டு வைக்க வருபவன் படிவம் நிரப்பப் போவதில்லை. படிவத்தைக் கடினமாக்கினால் ஒளிந்துகொள்வது ஸ்டுடியோக்காரரும் விவசாயியும் கல்லூரி மாணவரும்தான். அவர்கள் ஏட்டில் வந்துவிட்டால், ஏட்டில் இல்லாத ஒன்றைத் தனியாகக் கண்டுகொள்ள முடியும்.

இன்று பறக்கும் முன்

முதலில் டிரோன். நானோ வகையைத் தவிர மற்றவை வகைச்சான்று (அந்த மாடலைச் சோதித்துத் தரும் 'டைப் சர்டிபிகேட்') பெற்ற மாடலாக இருக்க வேண்டும். பிறகு டி-2 படிவத்தில் பதிவு. பதிவு எண் டிரோனின் வரிசை எண்ணோடு மட்டுமல்லாமல், அதன் கட்டுப்பாட்டுப் பலகை, கையில் பிடிக்கும் ரிமோட் ஆகியவற்றின் எண்களோடும் பிணைக்கப்படும். மோட்டார் சைக்கிளின் ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருப்பது போலத்தான். விற்றால் பெயர் மாற்ற வேண்டும். நானோவைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.

அடுத்து ஆள். 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் பயிற்சி. கிடைக்கும் ரிமோட் பைலட் சான்று பத்து ஆண்டுகள் செல்லும். முன்பு இதற்குப் பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அதைத் தளர்த்தி, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போதும் என்றார்கள். கிராமத்துப் பெண்ணுக்கும் இளைஞருக்கும் இந்தத் தளர்வு எவ்வளவு பெரியது என்று பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். நானோவுக்கு இந்தச் சான்று தேவையில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடவும் தேவையில்லை. ஆனால் அதே மைக்ரோவைக் கூலி வாங்கிக்கொண்டு கல்யாணத்தில் பறக்கவிட்டால் தேவை. இந்த வேறுபாடு பலருக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்றாவது இடம். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான பகுதியில் இந்த வரம்பு 200 அடி. அதைவிட நெருங்கினால் மஞ்சள் மண்டலம், அங்கே வான்வழிக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ மண்டபம் பிடித்தவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகவும் மாறலாம். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கக் காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை. அதனால் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

உள்ளே வந்தவரும் வெளியே நிற்பவரும்

இந்த மாற்றத்தால் அதிகம் பயன்பெற்றது வயல். முன்பு முதுகில் தெளிப்பானைச் சுமந்து, சேற்றில் நடந்து, அடிக்கும் மருந்தைத் தானும் சுவாசித்துக்கொண்டு ஒரு ஆள் நெல்லுக்கு மருந்து அடித்தார். இன்று பத்து லிட்டர் தொட்டியுள்ள டிரோன் ஒரு ஏக்கரைச் சுமார் பத்து நிமிடத்தில் முடிக்கிறது. இயக்குபவர் வரப்பிலேயே நிற்கிறார். 'நமோ டிரோன் தீதி' திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்க 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். 2022-இல் தமிழ்நாடு அரசு ஆளில்லா வான்கலங்களுக்கென்றே ஒரு கழகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் செய்த, சான்று பெற்ற வேளாண் டிரோன்கள் கிடைப்பதால் விவசாயி முறைப்படி உள்ளே வர முடிகிறது.

ஹெலிகேம்காரரின் கதை அப்படி இல்லை. அவர் வைத்திருப்பது பெரும்பாலும் வெளிநாட்டுக் கேமரா டிரோன். 2021 நவம்பர் 30-க்குள் இறக்குமதியாகி, ஒப்புகை எண்ணும் ஜி.எஸ்.டி. ரசீதும் இருந்தவற்றைப் பதிவு செய்ய ஒரு வாய்ப்பு தந்தார்கள். ரசீது இல்லாமல் வாங்கியவர்கள் அதைத் தவறவிட்டார்கள். 2022 பிப்ரவரி 9 அன்று முழு டிரோன் இறக்குமதிக்கே தடை வந்தது, ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. வாய்ப்பைத் தவறவிட்ட வெளிநாட்டு டிரோன்களுக்கு வகைச்சான்று இல்லாததால் பதிவு எண் கிடையாது. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் கல்யாணக்காரர் வாங்கக்கூடிய விலையில், அவர் கேட்கும் தரத்தில், சான்றுள்ள கேமரா டிரோன் சந்தையில் தாராளமாகக் கிடைக்க வேண்டும். அதுவரை அவர் 2014-இல் நின்ற இடத்திலேயே நிற்பார்: கையில் தொழில், கண்ணெதிரே தடை.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் பதிவு எண், பைலட் சான்று, காப்பீடு மூன்றையும் கேளுங்கள். நம் பிள்ளைகள் நிற்கும் கூட்டத்துக்கு மேலேதான் அது பறக்கிறது. ஸ்டுடியோ சங்கங்கள் சான்றுள்ள டிரோனை உறுப்பினர்கள் கூட்டாக வாங்கவும், பயிற்சி பெறவும் வழி செய்யலாம். அரசு, சிறிய கேமரா டிரோன்களின் வகைச்சான்றுக்குச் செலவு குறைந்த, விரைவான பாதை ஒன்றை அமைக்க வேண்டும். பழைய டிரோன்களைச் சோதித்துப் பதிவு செய்ய இன்னும் ஒரு வாய்ப்பும் தர வேண்டும். 25,000 ரூபாய் அனுமதியையே ஒழித்து, 1,000 ரூபாய்ப் பதிவுக் கட்டணத்தை 100 ரூபாயாக்கிய அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

தடையை நம்பி ஏழு ஆண்டுகள் இழந்தோம். வழியைத் திறந்ததும் வயல் முறைப்படி உள்ளே வந்தது. கல்யாண மண்டபத்துக்கும் அதே வழியைத் திறக்க வேண்டிய நேரம் இது.