பொனட்டுக்குள் அடங்கியது, பிரேக்குக்குள் அடங்கவில்லை

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் எனது கடையிலிருந்து நாலைந்து கடை தள்ளி வியாபாரம் செய்யும் இளம் வர்த்தகர் ஒருவர் சென்ற மாதம் அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தார். அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். கையில் வங்கியொன்றின் கடன் விண்ணப்பப் படிவம் இருந்தது.

"சாச்சா, இப்ப ஒரு கடைதான் இருக்கு. வங்கி தர்ற காசுக்கு இன்னும் ரெண்டு கடை போடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. கடை பூட்டியதும் அவரைக் கொட்டாஞ்சேனையில் உள்ள என் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். கராஜில் துணி போர்த்தி வைத்திருந்த வாப்பாவின் காரின் பொனட்டைத் திறந்து காட்டினேன். உள்ளே தகடு வெட்டி, மீண்டும் வெல்டிங் வைத்து ஒட்டிய தழும்புகள் இருந்தன. "இதென்ன சாச்சா, எக்சிடன்ட் பட்டதா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன கதையையே இந்த வாரம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

வாப்பாவின் கார்

கார் எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையானது. நான்கு சிலிண்டர், 1,798 சி.சி., சுமார் 95 குதிரைவலு. நாடு திரும்பிய தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் போகும்போது வாப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனது இது. வாப்பா அதை வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே வெளியில் எடுப்பார்.

வாப்பாவின் மறைவுக்குப் பின் கார் என் கைக்கு வந்தது. எனக்கோ அதன் வேகம் போதவில்லை. காலி வீதியில் சாதாரண ஜப்பான் கார்களெல்லாம் என்னை முந்திச் செல்வது மானப் பிரச்சினையாகப் பட்டது. 2007 இல் பஞ்சிகாவத்தையில் ஓர் எஞ்சினைக் கண்டேன். டொயோட்டா கிறவுண் காரிலிருந்து கழற்றியது. மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர், 200 குதிரைவலுவுக்கு மேல். விலையும் பேசக்கூடிய விலையாக இருந்தது. அன்றே முற்பணம் கொடுத்துவிட்டேன்.

நமது நாட்டில் எஞ்சின் மாற்றுவது புதினமான காரியமல்ல. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாகப் புதிய காரும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கிடைத்த எஞ்சினைக் கிடைத்த காரில் பூட்டி ஓட்டியவர்கள் நாம். பின்னர் ஜப்பானின் பாவித்த எஞ்சின்கள் வரத் தொடங்கியதும் மோரிஸ் மைனருக்கு டட்சன் எஞ்சின் பூட்டாத பாஸ்மார் இல்லை எனலாம். ஆனால் அவர்கள் செய்தது பிழைப்புக்காக. அந்தக் காருக்கு ஏற்ற அளவில், ஏற்ற பாரத்தில் எஞ்சினைத் தேடினார்கள். நான் தேடியது பெருமையை.

பாஸ் எழுதிய பட்டியல்

கொம்பனித் தெருவில் வாப்பாவின் காரை நெடுநாள் பார்த்துவந்த மலே பாஸ் ஒருவர் இருந்தார். எஞ்சினைக் காட்டினேன். அவர் அளவு நாடாவைக் கூட எடுக்கவில்லை.

"எஞ்சின் உள்ளுக்குப் போகும் தம்பி. தகட்டை வெட்டினா எதுவும் போகும். ஓடுறதை யாரு நிப்பாட்டுறது?"

பழைய கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதித் தந்தார். பெரிய ரேடியேட்டர். முன் ஸ்ப்ரிங். முன் பிரேக். பின் அச்சு. புரோப்பெல்லர் ஷாஃப்ட். சைலன்சர் குழாய் போவதற்கு ஸ்டியரிங் தண்டை ஒதுக்குதல். வயரிங். கடைசியாக, பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ளுதல். கூட்டிப் பார்த்தால் எஞ்சினுக்குக் கொடுத்த காசைப் போல் இரண்டரை மடங்கு வந்தது.

"இவ்வளவும் எதுக்கு பாஸ்? எஞ்சினை மட்டும் பூட்டுங்க, மத்ததைப் பிறகு பார்ப்போம்" என்றேன்.

"பிறகு பார்க்கிற வேலை இல்ல இது. நான் பூட்ட மாட்டேன் தம்பி" என்றார். அத்தோடு, "கழட்டுற பழைய எஞ்சினை எறியாம எனக்கிட்டத் தாங்க. ஒரு மூலையில கிடக்கட்டும்" என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. வேறொரு கராஜுக்குக் கொண்டு போனேன். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் பூட்டித் தந்தார்கள்.

கடுகண்ணாவை இறக்கம்

முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம், மருதானைச் சந்தியின் நெரிசலில் தண்ணீர் கொதித்தது. மூன்றாம் வாரம், வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காரின் முகம் நேராகவே போகப் பார்ப்பதை உணர்ந்தேன். வார்ப்பிரும்பு எஞ்சினின் பாரம் முழுவதும் முன் சில்லுகளில் இருந்தது. இருந்தும் நான் நிறுத்தவில்லை.

கண்டியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது ஒன்பது வயது மகன் பக்கத்து ஆசனத்தில். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் மிதிக்க மிதிக்க பெடல் மென்மையாகிக்கொண்டே போனது. ஒரு வளைவில் அது வெறுமனே தரை வரை இறங்கியது. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு அறிந்தேன். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண் திட்டில் காரை உரசி நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். மகனின் நெற்றியில் நான்கு தையல்கள். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போனது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வாகனத்தின் வேகம் இரட்டிப்பானால், அதை நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. பாரமும் கூடினால் அதற்கு மேலும் கூடும். நான் வலுவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டு, பிரேக்கை 95 குதிரைவலுக் காருக்குச் செய்த அதே பிரேக்காக விட்டிருந்தேன்.

அதே ஆண்டு கடையில் நடந்தது

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே 2007 இல் கடையிலும் இதையேதான் செய்திருந்தேன். வழக்கமாக ஒரு கொள்கலன் இறக்கும் நான், வங்கிக் கடன் எடுத்து மூன்று கொள்கலன் இறக்கினேன். களஞ்சியம் அதே களஞ்சியம். கணக்குப் பார்க்க அதே ஒரு பிள்ளை. சரக்குத் தேங்கியதும் வெளியூர்க் கடைகளுக்குப் பின்திகதியிட்ட காசோலைக்கு அள்ளிக் கொடுத்தேன். 2008 இல் வட்டி ஏறியிருந்தது, காசோலைகள் திரும்பி வரத் தொடங்கின. நிறுத்த நினைத்தபோது பெடல் தரை வரை போனது. அந்தக் கடனை அடைத்து முடிக்க ஆறு வருடம் எடுத்தது. உம்மாவின் நகையும் அதில் போனது.

கம்பனியே செய்த தவறு

கார் கராஜில் கிடந்த காலத்தில் எம்.ஜி.யின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அப்போது அறிந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நான் 2007 இல் செய்த தவறை, அந்தக் காரைச் செய்தவர்களே 1967 இல் செய்திருந்தார்கள்.

அந்த ஆண்டு அவர்கள் இதே உடலில் 2,912 சி.சி. ஆறு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சினை வைத்து எம்.ஜி.சி. என்ற பெயரில் வெளியிட்டார்கள். எஞ்சினுக்கு இடம் போதாமல் பொனட்டில் புடைப்பு வைத்தார்கள், முன் சஸ்பென்ஷன் அமைப்பையே மாற்றினார்கள். ஆனால் முன்பக்கம் ஏறிய பாரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. முகம் கனத்த கார், வளைவில் மந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. சுமார் 9,000 கார்களோடு 1969 இல் உற்பத்தி நின்றது.

அப்படியானால் அந்தக் காருக்குப் பெரிய எஞ்சின் ஆகாதா? ஆகும். 1970 ஐ ஒட்டிய காலத்தில் கென் கொஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயர் அதே காரில் 3,528 சி.சி. ரோவர் வி8 எஞ்சினைப் பூட்டி விற்கத் தொடங்கினார். அமெரிக்க பியூக் கம்பனியில் பிறந்து, 1965 இல் ரோவர் உரிமை வாங்கிய எஞ்சின் அது. எம்.ஜி.சி.யின் எஞ்சினை விடப் பெரியது, ஆனால் அலுமினியத்தால் ஆனது. பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினின் பாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கார் நன்றாக ஓடியது. அதைப் பார்த்துக் கம்பனியும் 1973 இல் தன் சொந்த வி8 காரை வெளியிட்டது.

கவனியுங்கள். 2.9 லீற்றர் தோற்ற இடத்தில் 3.5 லீற்றர் ஓடியது. பிரச்சினை எஞ்சினின் அளவில் இல்லை, அது உடல் மீது ஏற்றும் பாரத்தில் இருந்தது. கடனும் அப்படியே. எவ்வளவு தொகை என்பதை விட, மாதாமாதம் அது கடையின் மீது ஏற்றும் சுமை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஆனால் சரியான எஞ்சினுக்கும் காலம் வாய்க்க வேண்டும். 1973 ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. விலையும் அதிகமாக இருந்த அந்த வி8 கார் 1976 வரை 2,591 மட்டுமே தயாரிக்கப்பட்டது.

இந்த வேலையை முறையாகச் செய்தவர் என்றால் அமெரிக்கர் கரோல் ஷெல்பியைச் சொல்ல வேண்டும். 1962 இல் ஏ.சி. ஏஸ் என்ற சிறிய ஆங்கிலக் காரில் 4.2 லீற்றர் போர்ட் வி8 எஞ்சினை வைத்து கோப்ரா காரை உருவாக்கினார். மெல்லிய வார்ப்பில் செய்த இலேசான எஞ்சின் என்பதால்தான் அது பொருந்தியது. 1965 இல் ஏழு லீற்றர் எஞ்சின் வைக்க வந்தபோது பழைய செஸியில் அதைத் திணிக்கவில்லை. மூன்று அங்குலக் குழாய்களுக்குப் பதிலாக நான்கு அங்குலக் குழாய்களில் புதிய செஸியே செய்தார்கள், ஸ்ப்ரிங் அமைப்பையும் மாற்றினார்கள்.

நமக்குத் தெரிந்த ஹில்மன் காரைச் செய்த ரூட்ஸ் கம்பனியின் கதையும் உண்டு. அவர்களது சன்பீம் டைகர் 1964 இல் வந்தது. ஷெல்பியின் யோசனையில் அதே 4.2 லீற்றர் போர்ட் எஞ்சினைச் சன்பீம் அல்பைன் உடலில் நுழைத்தார்கள். இடம் எவ்வளவு நெருக்கம் என்றால், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற காரின் உள்ளிருந்து சுவரில் உள்ள துவாரம் வழியாகத்தான் கை விட வேண்டும். நன்றாக ஓடிய கார்தான். ஆனால் ரூட்ஸ் கம்பனி கிறைஸ்லரின் கைக்குப் போனதும், போட்டியாளரான போர்ட்டின் எஞ்சினைப் பூட்ட அவர்களுக்கு மனமில்லை. கிறைஸ்லரின் சொந்த எஞ்சினோ அந்த இடத்தில் அடங்கவில்லை. 1967 இல் கதை முடிந்தது. இன்னொருவரின் பலத்தில் மட்டும் ஓடும் வியாபாரத்துக்கு இதிலும் பாடம் உண்டு.

இன்று கேட்பவர்களுக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாம் பட்டதை மறக்கக்கூடாது. 2022 இல் கியூ.ஆர். முறை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். ஆயிரம் சி.சி. காருக்கும் அதுதான், மூவாயிரம் சி.சி. காருக்கும் அதுதான். பெரிய எஞ்சின்காரர்கள் வாரத்தில் பாதி நாள் நடந்தார்கள். நெருக்கடி வரும்போது பெரியதற்கென்று தனிப் பங்கு கிடைப்பதில்லை.

வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசு கைக்கு வருமுன் பாஸின் பட்டியலை எழுதிப் பாருங்கள் என்கிறேன். சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் எது, அதாவது கையிருப்புக் காசு எவ்வளவு? பாரத்தைத் தாங்கும் செஸி எது, அதாவது கணக்கும் களஞ்சியமும் ஆட்களும் தயாரா? பிரேக் எது, அதாவது எந்த இடத்தில் கடன் கொடுப்பதை நிறுத்துவீர்கள்? பதிவுப் புத்தகத்தில் உள்ளதும் பொனட்டுக்குள் இருப்பதும் ஒன்றுதானா? இவற்றுக்குச் செலவு எழுதிக் கூட்டிய பிறகும் மனம் சம்மதித்தால் துணிந்து இறங்குங்கள்.

கிறவுண் எஞ்சினைப் பாதி விலைக்கு விற்றேன். பாஸ் மூலையில் போட்டிருந்த பழைய எஞ்சினை அவரே பூட்டித் தந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இன்று அவர் நம்மிடையே இல்லை. அவரது கலண்டர் தாள் மட்டும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

அந்த இளைஞரிடம் அதைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "சாச்சா, இதை ஒரு கொப்பி அடிச்சுத் தாங்க" என்றார். சென்ற வாரம் மீண்டும் வந்தார். மூன்று கடைத் திட்டம் ஒரு கடையாகக் குறைந்திருந்தது. அதற்கு முன்பாகக் கணக்குக்கு ஒரு பிள்ளையையும் எடுத்துவிட்டாராம்.

மகனுக்கு இப்போது வாகனம் ஓட்டும் வயது. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காரை அவன்தான் எடுக்கிறான். இப்போதும் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டுதான் போகிறார்கள்.