கோழிக்குஞ்சும் தாராக்குஞ்சும் ஒரே பெட்டியில்

அடை கிடக்கும் கோழியின் கீழ் நாலைந்து தாரா முட்டைகளையும் வைப்பது எமது கிராமங்களில் பழைய வழக்கம். கோழி முட்டை பொரிக்க 21 நாள், தாரா முட்டை பொரிக்க 28 நாள். ஆகவே தாரா முட்டைகளை ஒரு கிழமை முந்தி வைத்தால் இரண்டும் ஒன்றாகப் பொரிக்கும். தாய்க்கோழி பேதம் பார்ப்பதில்லை. தாய் இல்லாமல், பெட்டியும் மின்குமிழுமாக நாங்கள் வளர்க்க வெளிக்கிடும்போதுதான் சிக்கல்.

2009இல் யுத்தம் முடிந்து வன்னியில் மீளக்குடியேறிய காலத்தில், குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலருக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகள் கிடைத்தன. இப்போது பலர் கைக்காசு போட்டுத்தான் குஞ்சு வாங்குகிறார்கள். முதல் இரண்டு கிழமைக்குள் பாதி செத்துப்போனால் போட்ட முதல் திரும்பாது. நுண்கடன் எடுத்துக் குஞ்சு வாங்க நினைக்கும் சகோதரிகள் சற்று யோசியுங்கள். கட்டுப்பணம் அடுத்த கிழமையே தொடங்கிவிடும், பேடு முட்டையிட ஐந்து மாதமளவில் செல்லும்.

சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்டால், தனித்தனியே வளர்ப்பதே நல்லது. ஆனால் இருப்பது ஒரு பெட்டியும் ஒரு மின்குமிழும் என்றால் நடுவில் ஒரு பலகையையோ கம்பிவலையையோ வைத்து மறித்துவிடுங்கள். மின்குமிழ் கோழிக்குஞ்சின் பக்கமாகத் தொங்கட்டும். கோழிக்குஞ்சுக்கு முதற்கிழமை 33 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். தாராக்குஞ்சு அதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டிலேயே நன்றாக இருக்கும். வெப்பமானி தேவையில்லை, குஞ்சே சொல்லும். குமிழின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிக் கத்தினால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போனால் சுடுநீர்ப் போத்தலைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். தணல் சட்டியை மூடிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது. புகை குஞ்சைக் கொன்றுவிடும், உமியிலும் தீப்பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை தண்ணீர்தான். தாராக்குஞ்சுக்கு மூக்குத் துவாரம் அமிழும் அளவு ஆழத்தில் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் தீன் மூக்கில் அடைத்துக்கொள்ளும். அது குடிப்பதைவிடச் சிந்துவதுதான் கூட. கோழிக்குஞ்சுக்கோ அந்த ஆழம் ஆபத்து. உள்ளே விழுந்தால் எழும்பாது. நனைந்த உமியில் நின்றால் குளிர் பிடிக்கும், இரத்தக்கழிச்சல் நோயும் வரும். ஆகவே கோழிக்குஞ்சின் பக்கம் ஆழமில்லாத தட்டில் சிறு கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். தாராவின் பக்கம் ஒரு தட்டின்மேல் கம்பிவலையைப் போட்டு அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்தால் சிந்துவது தட்டுக்குள் போய்விடும். ஈர உமியை அன்றன்றே அள்ளிவிடுங்கள். தாராதானே என்று சின்னக் குஞ்சைக் கிணற்றடித் தொட்டியில் நீந்த விடாதீர்கள். தாய்த்தாரா இல்லாத குஞ்சு நனைந்து விறைத்துப்போகும்.

தீன் விடயத்திலும் வித்தியாசம் உண்டு. தாராக்குஞ்சுக்கு நியாசின் என்னும் விற்றமின், கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். அது போதாவிட்டால் கால் வளைந்து, மூட்டு வீங்கி, நடக்க முடியாமல் இருந்துவிடும். உப்பில்லாமல் அவித்த மீனைச் சிறிது பிசைந்து கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு கூடாது. கால் தளர்வதைக் கண்டால் தாமதியாமல் அரச மிருக வைத்தியரிடம் விற்றமின் மருந்து கேளுங்கள். கடைத்தீன் சிலவற்றில் இரத்தக்கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்கும். அவற்றுள் சில தாராவுக்கு ஒத்துவராது. வாங்கும்போதே விசாரியுங்கள். தீன் விலை ஏறியபின் பழைய புண்ணாக்கையும் சோளத்தையும் போட மனம் வருவது இயல்புதான். ஆனால் பூஞ்சணம் பிடித்த தீன் கோழியைவிடத் தாராவையே வேகமாகக் கொல்லும்.

இரண்டு கிழமையில் தாராக்குஞ்சு நன்கு பருத்துவிடும். மறிப்பு இல்லாத பெட்டி என்றால் கோழிக்குஞ்சு அதன் காலுக்குள் மிதிபடும். அப்போதாவது கட்டாயம் பிரித்துவிடுங்கள். கோழிக்குஞ்சுகளுக்கு ராணிக்கெட் தடுப்பு மருந்து எப்போது போடுவது என்பதையும் மிருக வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

இறகு முளைத்து வளர்ந்தபின் பகலில் இரண்டையும் ஒரே வளவில் மேய விடலாம். இரவில் கோழி கொப்பிலோ தடியிலோ ஏறிவிடும், தாரா நிலத்தில்தான் படுக்கும். ஆகவே மரநாயும் நாயும் நுழையாத அடைப்பு தாராவுக்குத்தான் முதலில் வேண்டும். முட்டையிடத் தொடங்கினால் காலை எட்டு மணி வரை அடைப்பைத் திறக்க வேண்டாம். தாரா பெரும்பாலும் விடியப்புறத்தில் முட்டையிடும். முந்தித் திறந்தால் முட்டையைக் குளக்கரையில்தான் தேட வேண்டி வரும்.