மரக்கூழும் இறால் ஓடும் கலந்த இழை

பருத்திக்கும் மரத்துக்கும் உடல் தருவது செல்லுலோஸ். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டுக்கு உறுதி தருவது கைட்டின். இரண்டுமே சர்க்கரை வளையங்கள் கோத்த நெடுஞ்சங்கிலிகள். செல்லுலோஸ் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி உள்ள ஓரிடத்தில், கைட்டினில் அசிட்டைல் அமினோ தொகுதி இருக்கிறது. அதன் அசிட்டைல் பகுதியை நீக்கினால் கைட்டோசான் கிடைக்கும்.

தூத்துக்குடி, கொச்சி போன்ற துறைமுக நகரங்களின் இறால் பதப்படுத்தும் ஆலைகளில் தலையும் ஓடும் கழிவாகக் குவிகின்றன. இக்கழிவிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையைக் கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்துத் தந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். நீர்த்த காஸ்டிக் சோடா புரதத்தை நீக்கும். எஞ்சும் கைட்டினை அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் அது கைட்டோசானாகும்.

கைட்டோசானின் அமினோ தொகுதி அமிலச் சூழலில் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கிறது. அதனால் கிருமியைத் தடுக்கும் இழைக்கு அது உகந்தது. ஆனால் தனிக் கைட்டோசான் இழை நனைந்தால் வலுவிழக்கும். அந்த வலுவைத் தரவே செல்லுலோஸ் சேர்க்கப்படுகிறது.

கலப்பதில்தான் சிக்கல். கைட்டோசான் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையும், காரத்தில் திரியும். 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையோ இதற்கு நேர்மாறானது. அதில் மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் வினைப்படுத்திக் காரக் கரைசலாக்குவர். நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் அது இழையாக உறையும். எனவே கைட்டோசானைத் துளைகளை அடைக்காத அளவுக்கு நுண்பொடியாக்கி விஸ்கோஸில் கலப்பது ஒரு வழி. கைட்டோசான் கந்தக அமிலத்தில் எளிதில் கரையாது. ஆதலால் தொட்டியிலும் பொடி இழைக்குள்ளேயே தங்குகிறது. ஜப்பானின் ஓமிகென்ஷி நிறுவனம் 'கிராபியான்' என்ற பெயரில் ஒரு விஸ்கோஸ் கலப்பிழையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விஸ்கோஸ் ஆலைக் கழிவு ஆற்றை மாசாக்கும் என்பதை மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் இயங்கிய ஆலையால் பவானிக் கரை மக்கள் அறிவர். மரக்கூழிலிருந்து இழை எடுக்கும் மற்றொரு முறையான லயோசெல்லில் கார்பன் டைசல்ஃபைடு தேவையில்லை. ஓர் அமீன் ஆக்சைடு கரைப்பான் மரக்கூழை நேரடியாகக் கரைக்கிறது; ஏறக்குறைய முழுவதும் மீட்டெடுக்கப்பட்டு மறுபடி பயனாகிறது. இதிலும் கைட்டோசானைச் சேர்க்கலாம்.

நெய்த பருத்தித் துணியைக் கைட்டோசான் கரைசலில் தோய்த்துப் பிழிந்து உலர்த்துவது எளிய மாற்று. ஆனால் அந்தப் பூச்சு சலவையில் படிப்படியாகக் கழன்றுவிடும். கலப்பிழையில் கைட்டோசான் இழையின் உடலிலேயே இருப்பதால் நெடுநாள் நிலைக்கும். எதிர்மின்னேற்றமுள்ள சாயங்களையும் நன்றாகப் பற்றும். காயக்கட்டு, காலுறை, உள்ளாடை ஆகியவற்றுக்கு இது ஏற்றது. மண்ணில் மட்கவும் செய்யும். கைட்டோசானின் பங்கு கூடினால் இழையின் வலு குறையும் என்பதால் சிறிதளவே சேர்க்கப்படுகிறது.