எக்ஸ்ரேயில் முழங்கை எலும்பில் 'ஓட்டை'... பயப்படணுமா? மருத்துவம் சொல்வது என்ன?

கீழே விழுந்து கையில் அடி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே எலும்பில் ஒரு கருப்பு வட்டம். "எலும்புல ஓட்டை இருக்கே, கட்டியா இருக்குமோ?" என்ற பதற்றம் வருவது இயல்புதான். ஆனால் பலருக்கு அது நோயே இல்லை. எலும்பின் இயற்கையான அமைப்பு!

எங்கே இருக்கிறது இந்த ஓட்டை?

தோளில் இருந்து முழங்கை வரை இருப்பது ஹியூமரஸ் எனப்படும் மேல்கை எலும்பு. இதன் கீழ்முனையில் முன்பக்கம் ஒரு குழி, பின்பக்கம் ஒரு குழி உண்டு. கையை மடக்கும்போது முன்கை எலும்பின் ஒரு முனை முன்குழியில் உட்காரும். கையை நீட்டும்போது இன்னொரு முனை பின்குழியில் போய் உட்காரும்.

இரண்டு குழிகளுக்கும் நடுவே காகிதம் போல மெல்லிய எலும்புத் தடுப்பு இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. சிலருக்கு அந்தத் தடுப்பில் துளை இருக்கும். இதற்குப் பெயர் 'சுப்ராட்ரோக்ளியர் ஃபோரமென்'.

எத்தனை பேருக்கு இருக்கும்?

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளில், ஏறக்குறைய நான்கில் ஒரு எலும்பில் இந்தத் துளை காணப்பட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், வலது கையைவிட இடது கையிலும் அதிகம். சிறு குழந்தைகளிடம் பொதுவாக இருக்காது. வளர வளரத் தோன்றுகிறது.

சிதம்பரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கடலூர் மாவட்ட மக்கள் எலும்பு முறிவு என்றால் தேடிப்போகும் இடங்களில் ஒன்று, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறியது. இதுபோன்ற கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் உண்மையான எலும்புகளைக் கையில் எடுத்துத்தான் உடற்கூறியல் படிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரே மாதிரிப் படம் வேறு, மனிதருக்கு மனிதர் மாறும் எலும்பு வேறு என்பது அங்கேதான் புரியும்.

இதனால் ஆபத்து உண்டா?

துளையால் மட்டும் பொதுவாக வலி வராது. ஆனால் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏன்?

ஒன்று, எக்ஸ்ரேயில் இதை எலும்புக் கட்டி என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு, துளை உள்ளவர்களுக்கு எலும்பின் உள்ளே இருக்கும் குழாய் போன்ற பகுதி கீழ்முனையில் குறுகலாக இருக்கலாம். எலும்பு முறிவுக்கு உள்ளே கம்பி வைக்கும்போது, முழங்கைப் பக்கத்தில் இருந்து செலுத்தினால் எலும்பு விரிசல் விடும் அபாயம் உண்டு. அதனால் தோள் பக்கமிருந்து செலுத்துவது பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது.

இன்னொரு மாற்றமும் இருக்கு!

நூறில் ஒருவர் அளவில், முழங்கைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் மேலே, உள்பக்கமாக, கொக்கி போல ஒரு சிறு எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். இது சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதை 19-ம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஸ்ட்ரதர்ஸ் கண்டறிந்தார். தந்தைக்கும் அவரது 7 பிள்ளைகளில் 4 பேருக்கும் இது இருந்ததாக டார்வின் 1874-ல் எழுதியிருக்கிறார்.

இந்தக் கொக்கி சிலருக்கு நரம்பை அழுத்தும். அப்போது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போகும். முன்கையில் வலி வரலாம்.

அப்போ என்ன செய்யணும்?

ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணாதீங்க. எலும்பு மருத்துவரிடம் காட்டி, "இது இயற்கையான துளையா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வலி, வீக்கம், விரல் மரத்துப்போவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பழைய எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்கு அதே கையில் அடிபட்டால், டாக்டருக்கு அது பெரிய உதவி.