கிள்ளானுக்கு ஒரு நாள்: அடுப்பின் நேரமும் வயிற்றின் நேரமும்

சாப்பிடுவதற்கென்றே ஒரு நாள் வெளியூர் போகிறவர்கள் முதலில் எழுதி வைத்துக்கொள்வது கடைகளின் பட்டியலைத்தான். எந்தக் கடையில் தோசை, எந்தக் கடையில் மீன்தலைக் கறி, எங்கே செண்டோல் என்று பத்துப் பெயர் சேர்ந்துவிடும். மூன்றாவது கடையிலேயே வயிறு கைவிரித்துவிட, மிச்சம் ஏழும் கடமையாகிவிடுகின்றன. கடைகளில் குற்றமில்லை, பட்டியலில்தான் குற்றம். அதில் நேரம் என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு பண்டத்துக்கும் அது அடுப்பிலிருந்து நல்லபடி இறங்கும் ஒரு பொழுது உண்டு. ஒவ்வொரு வயிற்றுக்கும் அடுத்த வேளையை ஏற்கும் ஒரு பொழுது உண்டு. இந்த இரண்டையும் பொருத்திவிட்டால் கடையின் பெயர் இரண்டாம்பட்சம். கோலாலம்பூரை ஒட்டிய கம்போங் மேடானிலிருந்து கிள்ளானுக்குப் போய்வரும் ஒரு நாளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். கிள்ளான் 2024 பிப்ரவரியில்தான் மாநகரத் தகுதி பெற்றது. ஆனாலும் அதன் பழைய நடுப்பகுதி காலால் அளந்துவிடக்கூடிய அளவுதான்.

வயிற்றிலிருந்து தொடங்குவோம். திட உணவு இரைப்பைக்குள் விழுந்தவுடன் கீழே இறங்குவதில்லை. முதலில் அரைபட்டுக் கூழாக வேண்டும், பிறகுதான் கொஞ்சங்கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு நகரும். ஒரு சராசரி சாப்பாட்டில் பாதி இறங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், பெரும்பகுதி இறங்க நான்கு மணி நேரமும் ஆகின்றன. கொழுப்பு கூடினால் இந்தக் கணக்கு இன்னும் நீளும். கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் இரைப்பையின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி அங்கிருந்து ஹார்மோன் சமிக்ஞை போகிறது. அதனால்தான் காலையில் இரண்டு ரொட்டி சானாய் பசியாறியவர் மத்தியானம் வாழை இலையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாதது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மேல் விருப்பம் குறைகிறதே தவிர, மற்றச் சுவைகளின் மேல் அவ்வளவு குறைவதில்லை. பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட நான்கு வகை கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் இலைச் சாப்பாடு இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. சாம்பாரில் அலுத்த நாக்கைப் புளிக்குழம்பு எழுப்புகிறது, புளிக்குழம்பில் அலுத்ததை ரசம் எழுப்புகிறது, கடைசியில் மோர் வந்து இன்னொரு பிடிச் சோறு கேட்க வைக்கிறது. நாக்கு நான்கு முறை புதிதாகத் தொடங்கினாலும் இரைப்பை ஒன்றுதான். ஆகவே சாப்பாட்டு நாள் என்றால் மூன்று வேளை, இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதற்கு மேல் திட்டம் போடுகிறவர் நாக்கின் பேச்சை நம்பி வயிற்றை ஏமாற்றுகிறார்.

அடுப்பின் நேரம் இன்னும் சுவாரசியமானது. பவேரியாவில் வெள்ளைத் தொத்திறைச்சி என்று ஒன்று உண்டு. நண்பகல் மணியோசை அதன் காதில் விழக்கூடாது என்பது அங்குள்ள வழக்கு. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் விடியலில் செய்தது மத்தியானத்துக்குள் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். குளிர்பெட்டி வந்து பல தலைமுறை ஆகியும் அதைக் காலையில் உண்ணும் பழக்கம் போகவில்லை. கிள்ளானின் பா குட் தே இதற்கு அண்ணன் தம்பி முறை. பன்றி எலும்பை மூலிகைகளோடு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும் இந்தச் சாறு, துறைமுகக் கூலிகளின் காலை உணவாக வளர்ந்தது என்று சொல்லப்படுகிறது. இன்றும் கிள்ளானில் காலையிலேயே விற்றுத் தீர்ந்து கதவடைக்கும் கடைகள் உண்டு. 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபுரிமை உணவுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தோசைக்கும் காலைதான் பொழுது. மாலையில் அரைத்த மாவில் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்து, நம் ஊர் வெப்பத்தில் விடியும்போது சரியான புளிப்பில் நிற்கும். பொழுது ஏற ஏறப் புளிப்பும் ஏறும்.

இதோடு நம் கடிகாரத்தின் ஒரு தனிக் குணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. அதன் விளைவாகக் கிள்ளானில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் வாக்கில். காலை ஒன்பது மணி என்று கடிகாரம் காட்டும்போது சூரியக் கணக்கில் எட்டுகூட ஆகியிருக்காது. நடக்க வேண்டியதைப் பதினொன்றுக்குள் நடந்து முடிப்பதும், ஒரு மணியை ஒட்டி இலைமுன் உட்காருவதும் வெயிலின் கணக்குப்படியே சரி. பிற்பகலில் சூடேறிய காற்று மேலெழுந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை கொட்டும் நாட்கள் அதிகம், குறிப்பாக ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும். அந்த நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பது போல நாளை அமைப்பது நல்லது.

இத்தனைக்கும் ஏற்ற ஊராகக் கிள்ளான் அமைந்ததற்கு ரயில் ஒரு பெரிய காரணம். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை பாதை போட்டார்கள். 1890இல் பாலம் கட்டி கிள்ளானுக்குள் வண்டியைக் கொண்டுவந்தார்கள். 1901இல் துறைமுகம் திறந்தது. ரயிலில் வந்து இறங்கியவர்களும் ரயிலுக்கு உழைத்தவர்களும் கால்நடையாகவே போய்ச் சாப்பிட்டதால், சாப்பாட்டுக் கடைகள் நிலையத்தைச் சுற்றியே முளைத்தன. நிலையத்துக்குப் பக்கத்தில் 1940 முதல் நடக்கும் சோங் கோக் கோப்பிக் கடையும், சற்று நடந்தால் வரும் ஜாலான் தெங்கு கிளானாவின் தமிழ்க் கடைவரிசையும் அந்த வரலாற்றின் மிச்சம். இரண்டுக்கும் நடுவே வெயிலும் மழையும் படாத அஞ்சடி நடைபாதை பெரும்பாலும் துணைக்கு வரும். கம்போங் மேடான்காரர்களுக்குக் கம்போங் டத்தோ ஹருண் கொமுட்டர் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, வண்டி மாறத் தேவையில்லை. எட்டரை வாக்கில் ஏறினால் ஒன்பதேகாலுக்குத் தோசையோ, கோப்பியும் காயா ரொட்டியுமோ (இரண்டும் வேண்டாம், ஒன்றுதான்). பிறகு கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1909இல் எழுந்த வெள்ளைக் கட்டடத்தில் இருக்கும் சுல்தான் அப்துல் அஸிஸ் அரச காட்சிக்கூடம். ஆற்றைத் தாண்ட விரும்பினால் கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டு இருக்கிறது. மேலே வாகனம் போக, கீழே மனிதரும் சைக்கிளும் போகவென்று 1950களின் கடைசியில் கட்டிய இரட்டைத்தட்டுப் பாலம் அது. ஒன்றேகாலுக்கு இலைச் சாப்பாடு. மழை வந்தால் துணிக்கடைகளும் பூக்கடைகளும் கூரை தரும். ஐந்து மணிக்கு வடையும் தே தாரிக்கும். உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றும்போது சூடு தணிவதோடு, பாலின் புரதங்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு நுரையாகின்றன. கெட்டிப்பாலும் அடிவரை கலந்துவிடுகிறது.

கோலாலம்பூரிலேயே பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்க கிள்ளான் எதற்கு என்று கேட்கலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்றால் பிரிக்ஃபீல்ட்ஸே போதும். துன் சம்பந்தன் சாலையின் இலைச் சாப்பாடு கிள்ளானுக்கு இளைத்ததல்ல, இதில் ஊர்ப்பெருமை பேசிப் பயனில்லை. ஆனால் நாள் முழுதும் என்றால் வேளைகளுக்கு இடையிலான நான்கு மணி நேரத்தை அவசரமில்லாமல் நிரப்ப ஒரு ஊர் வேண்டும். போக்குவரத்துக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் நடுவில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் அதற்குக் கொஞ்சம் இறுக்கமானது. அடுத்தது கார் பற்றிய கேள்வி: காரில் போனால் இன்னும் நாலு இடம் பார்க்கலாமே? பார்க்கலாம், சிக்கலே அதுதான். கார் இருந்தால் துறைமுகத்து இறாலும் திட்டத்தில் ஏறும், வேளைகளுக்கு இடையில் நடக்க வேண்டிய நடை இறங்கும். சாப்பிட்டபின் சிறிது தூரம் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறும் உயரத்தைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி ஏறத்தாழ ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு இருந்த நாட்டில் இது சின்னச் செய்தியல்ல. முட்டி வலிக்காரரோ கைக்குழந்தையோ கூட வந்தால் காரே சரி. அப்போதும் நிலையத்தருகே நிறுத்திவிட்டு, மூன்று வேளையை நான்காக்காமல் இருந்தால் போதும்.

இப்படி மணி பார்த்துச் சாப்பிடுவது நிதானமா என்பதுதான் கடுமையான கேள்வி. நான்கைந்து நேரங்கள் மட்டும் முன்கூட்டியே நிச்சயமானால், மற்றதையெல்லாம் அங்கே போய் முடிவுசெய்ய முடியும் என்பது என் பதில். எந்தக் கடை, எந்தக் கறி, எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை வாசலில் நின்று மோப்பம் பிடித்தே தீர்மானிக்கலாம். பட்டியலோடு போகிறவருக்குத்தான் ஒரு கடை பூட்டியிருந்தால் நாளே பாழாகும். அந்தச் சில நேரங்களும் நாட்காட்டியைப் பார்த்து மாறத்தான் வேண்டும். திங்களன்று காட்சிக்கூடம் பொதுவாக மூடியிருக்கும். வெள்ளி மத்தியானத் தொழுகை முடிந்ததும் மாமாக் கடைகளில் இடம் கிடைப்பது அரிது. புரட்டாசிச் சனிக்கிழமையில் 1892 முதல் இருக்கும் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு நாடெங்கிலுமிருந்து கூட்டம் வரும், சைவச் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பி வழியும். அன்று இலைக்குப் பன்னிரண்டுக்கே போய்விட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் தெங்கு கிளானா சாலை துணி வாங்குகிறவர்களுக்குச் சொந்தம், சாப்பிடப் போகிறவர் வேறு மாதம் பார்ப்பது மேல். ரமலானில் முஸ்லிம் கடைகள் பகலில் ஓய்வெடுக்கும். ஐந்து மணி தே தாரிக்கை நோன்பு திறக்கும் ஏழரை வாக்குக்குத் தள்ளிவைத்து, அதற்கேற்ப ஒரு வண்டி பிந்தித் திரும்பினால் சரியாக இருக்கும்.